அப்பாவின் கட்டி கரைந்துவிட்டது, இனி அறுவை வேண்டாமா?

வாசகி ஒருவரின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 63 வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்துச் சில மாதங்கள் விட்டுவிட்டார்கள். பிறகு பரிசோதித்ததில் ஆசனவாயிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் சந்தேகம் இருந்தது. கல்லீரல், நுரையீரல் சுத்தம். 28 நாள் ரேடியேஷனும் கூடவே மாத்திரையும் கொடுத்தார்கள். அப்புறம் நான்கு மாதம் கீமோ. இப்போது எண்டோஸ்கோப்பியில் கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டுமே தெரிகிறது. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொல்கிறது. அந்த இடத்திலிருந்து எடுத்த பயாப்சியிலும் புற்றுநோய் செல்கள் இல்லை.

மருத்துவர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று, மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாக ஸ்டோமா பை. இன்னொன்று, இப்போதைக்கு அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணிப்பது. அப்பா இணையத்தில் தேடி, பிரேசில் நாட்டு அறுவை நிபுணர் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா 2004-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை எடுத்து, ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு 100 சதவீதம்’ என்ற வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறார். அறுவை வேண்டாம் என்கிறார். அதோடு நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்ப்பதும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்கிறார். அண்ணனோ, “வெட்டி எடுக்காமல் கேன்சர் எப்படிப் போகும்? அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்” என்கிறார். வாசகி கேட்பது: அந்த ஆய்வை நம்பலாமா? பயாப்சியில் இல்லை என்றால் நோய் போய்விட்டதுதானே? திரும்பி வந்தால் காலம் கடந்துவிடுமா? பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கும் அத்தைக்கும் இதே வழியைக் கேட்கலாமா?

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று திசையில் நிற்கிறீர்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் பிசகும் இருக்கின்றன. அப்பாவின் கையில் இருக்கும் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குழப்பம் முழுக்க அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த 100 சதவீதம் எப்படி வந்தது

ஹாபர்-காமா சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் அறுவை நிபுணர். மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் கீமோவும் கொடுத்த பிறகு வெட்டியெடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்தால், சிலருடைய குடலில் ஒரு புற்றுநோய் செல்கூட இருக்காது. ஏறக்குறைய ஆறேழு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும். நோயே இல்லாத மலக்குடலை எடுத்து, மனிதருக்கு ஆயுள் முழுக்கப் பையை மாட்டிவிடுவது எதற்கு என்று அவர் கேட்டார். 1990-களின் தொடக்கத்திலிருந்தே, கட்டி முழுவதும் மறைந்தவர்களை அறுவை செய்யாமல் பார்த்துவரத் தொடங்கினார். எங்கள் துறையில் பலர் அதைப் பொறுப்பற்ற வேலை என்றே நினைத்தார்கள். 2004-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் கட்டுரை வந்த பிறகும் அந்த முணுமுணுப்பு ஓயவில்லை.

அந்தக் கட்டுரையில் 265 நோயாளிகள். சிகிச்சைக்குப் பின் 71 பேருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. அவர்களை அறுவை செய்யவில்லை. மீதி 194 பேருக்கு அறுவை நடந்தது. அவர்களில் 22 பேரின் குடலில் புற்றுநோய் செல் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இந்த 22 பேரையும் அந்த 71 பேரையும்தான் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு அறுவை செய்தவர்களில் 88 சதவீதம், செய்யாதவர்களில் 100. அப்பா கோடிட்ட வரி இதுதான். அவர் தப்பாகப் படிக்கவில்லை.

ஆனால் அந்த 71 பேர் யார் என்று முறைகளை விவரிக்கும் பகுதியில் பார்க்க வேண்டும். கட்டி மறைந்தது என்று சிகிச்சை முடிந்த எட்டாவது வாரத்தில் சொல்லிவிட்டதால் மட்டும் ஒருவர் அந்தப் பட்டியலில் வந்துவிடவில்லை. குறைந்தது 12 மாதம் அது திரும்பாமல் இருந்திருக்க வேண்டும். ஓராண்டுக்குள் கட்டி தலைகாட்டியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அப்பா ஆசிரியர், அவருக்கு உடனே புரியும். பொதுத் தேர்வுக்கு முன்பே தேறமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகளைத் தனித்தேர்வர்களாக அனுப்பிவிட்டு, பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைப்பதில்லையா? பலகையில் இருப்பது பொய்யில்லை. ஆனால் புதிதாகச் சேரவரும் பிள்ளைக்கு அந்த எண்ணால் எதுவும் தெரியாது. உங்கள் அப்பா இப்போது புதிதாகச் சேர வந்திருக்கும் பிள்ளை. அவருக்கு இன்னும் அந்த 12 மாதம் கடக்கவில்லை.

ஹாபர்-காமா இதை மறைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குழுவே பிறகு கணக்கைத் திறந்து காட்டியது. 2006-ல் வெளியான ஆய்வில் 361 பேரில் 122 பேருக்கு முதலில் கட்டி மறைந்தது. ஓராண்டு தாண்டியும் அப்படியே நின்றது 99 பேருக்கு. 2014-ல் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: கட்டி மறைந்த 90 பேரில் 28 பேருக்கு அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. அதாவது 31 சதவீதம். 28 பேரில் 17 பேருக்கு முதல் ஓராண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அந்த 28 பேரில் 26 பேருக்கு, வளர்ந்ததைக் கண்டுபிடித்த பின் மீட்புச் சிகிச்சை செய்ய முடிந்தது. அப்பா அச்செடுத்து வைத்திருக்க வேண்டிய கட்டுரை 2014-ல் வந்ததுதான். 2004 கட்டுரையைக் கிழித்துப்போட வேண்டாம், அதன் மேல் இதை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடிவு அவருடையது, எண்களைப் பிரித்து மேயத் தெரிந்தவர்.

பிரேசிலுக்கு வெளியே நடந்த ஆய்வுகளும் இதற்கு நெருக்கமான எண்களையே தருகின்றன. 2018-ல் ‘லான்செட்’ இதழில் 15 நாடுகளின் 47 மருத்துவமனைகளிலிருந்து, கட்டி மறைந்து அறுவை தவிர்த்த 880 பேரின் விவரம் வெளியானது. இரண்டாண்டில் நான்கில் ஒருவருக்குக் கட்டி மறுபடி வளர்ந்தது. அப்படி வளர்ந்தவற்றில் 88 சதவீதம் முதல் இரண்டாண்டுக்குள் கண்டுபிடிக்கப்பட்டன. 97 சதவீதம் மலக்குடலின் சுவரிலேயே இருந்தன. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியது 8 சதவீதம் பேருக்கு. ஐந்தாண்டு உயிர்வாழ்வு, எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களைச் சேர்த்து, 85 சதவீதம். நூறுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அப்பா பார்க்கட்டும். அதே சமயம், இது பயந்து ஓட வேண்டிய எண்ணும் இல்லை.

பயாப்சி சொல்லாதது

நீங்கள் கடிதத்தில் பயாப்சியைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் உங்கள் நிம்மதி தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: அந்த அறிக்கைக்கு நீங்கள் கொடுக்கும் எடை அதிகம்.

ரேடியேஷனுக்குப் பிறகு கட்டி மேலிருந்து கீழே சீராகக் கரைவதில்லை. உள்தோல் முழுவதும் ஆறிவிட்ட பிறகும், சுவரின் தசைக்குள் ஆங்காங்கே செல்கள் தங்கியிருக்கலாம். பயாப்சி இடுக்கி கிள்ளியெடுப்பது அந்த உள்தோலிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் துணுக்கு. அதில் புற்றுநோய் இருந்தால், இருக்கிறது என்று உறுதி. இல்லையென்றால், அந்தத் துணுக்கில் இல்லை, அவ்வளவுதான். இதனால்தான் பல மையங்களில், தழும்பு பார்வைக்குச் சரியாக இருந்தால் பயாப்சியே எடுப்பதில்லை.

அப்படியானால் எதை நம்புவது? மூன்றையும் சேர்த்து நம்புகிறோம். முதலாவது விரல். கையுறை போட்ட விரலால் மலக்குடலின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கும்போது எங்கேயும் கட்டியாக, சொரசொரப்பாக, விறைப்பாகப் படக்கூடாது. அப்பாவுக்குக் கட்டி 3 செ.மீ. உயரத்தில் இருந்ததால் விரலுக்கு நன்றாகவே எட்டும். இது அவருக்கு அனுகூலம். இரண்டாவது எண்டோஸ்கோப்பி. தட்டையான வெள்ளைத் தழும்பு, அதன் மேல் மெல்லிய சிவப்பு ரத்த நாளங்கள் வலைபோல் ஓடுவது, இது நல்ல காட்சி. புண், குழி, சிறு முடிச்சு, குடல் சுருங்கியிருப்பது, இவையெல்லாம் இருக்கக்கூடாது. மூன்றாவது எம்.ஆர்.ஐ. கட்டி இருந்த இடம் கருமையான தழும்பாக மட்டும் தெரிய வேண்டும், சந்தேகக் கணுக்கள் மறைந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. இரண்டும் இருக்கின்றன. விரல் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை செய்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கலாம். கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது

இந்த ஓர் இடத்தில் அப்பாவுடன் எனக்குச் சமரசமே இல்லை.

அவர் சொல்லும் ரத்தப் பரிசோதனை சி.இ.ஏ., சிலருக்குக் கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு. நோய் கண்டுபிடித்த அன்று அது எவ்வளவு இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 2.1. அது இயல்பான அளவு. கட்டி முழுதாக உட்கார்ந்திருந்தபோதே கூடாத ஓர் எண், நாளைக்குச் சிறிய துளியாக மறுபடி முளைக்கும்போது கூடி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? சிலருக்கு இந்தப் பரிசோதனை மிகவும் உதவும். உங்கள் அப்பாவுக்கு அது கிட்டத்தட்ட ஊமை.

பொதுவாகக் கடைப்பிடிக்கும் அட்டவணை, மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறினாலும், இப்படி இருக்கும்:

- முதல் இரண்டாண்டு: மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, சிறிய எண்டோஸ்கோப்பி, சி.இ.ஏ.; ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.
- மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுவரை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை.
- இவற்றோடு, நுரையீரலையும் கல்லீரலையும் பார்க்க அவ்வப்போது சி.டி. ஸ்கேன்.

மறுவளர்ச்சியில் 97 சதவீதம் சுவரிலேயே வருகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? விரலும் குழாயும் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அந்த எண்டோஸ்கோப்பி, பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பெரிய கொலோனோஸ்கோப்பி இல்லை. எனிமா கொடுத்துச் சில நிமிடத்தில் முடிந்துவிடும்; பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். அப்பாவின் தயக்கம் வலியால் அல்ல, கூச்சத்தால் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்கள் பலர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், புள்ளிவிவரம் பேசுவார்கள். ஒருமுறை நீங்களும் அண்ணனும் வெளியே உட்கார்ந்துகொண்டு, அவர் மட்டும் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

இதற்கெல்லாம் அவர் உறுதியாக மறுத்தால், அறுவையே அவருக்குப் பாதுகாப்பான வழி. அறுவையும் வேண்டாம், கண்காணிப்பும் வேண்டாம் என்பதற்கு ஹாபர்-காமாவின் எந்தக் கட்டுரையிலும் ஆதரவு கிடையாது. அவருடைய நோயாளிகள் முதல் ஆண்டில் மாதாமாதம் பரிசோதனைக்கு வந்தவர்கள்.

திரும்பி வந்தால்?

சுவரில் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு இன்று செய்யவேண்டிய அதே அறுவையை அன்று செய்யலாம். அந்த வகையில் “காலம் கடந்துவிடும்” என்ற பயம் முறையாக வருபவர்களுக்குப் பொருந்தாது. அப்பாவுக்கு இன்று சொல்லியிருப்பதே நிரந்தர ஸ்டோமா என்பதால், பை விஷயத்தில் காத்திருந்து அவர் இழக்கப்போவது எதுவும் இல்லை.

ஆனால் ரிஸ்க் பூஜ்யமில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கண்காணிப்பில் இருந்த 113 பேரில் 22 பேருக்குக் கட்டி திரும்பியது. அப்படித் திரும்பியவர்களில் 36 சதவீதம் பேருக்கு வேறு உறுப்புகளுக்கும் நோய் பரவியது. திரும்பாதவர்களில் அது 1 சதவீதம். காத்திருந்ததால்தான் பரவியதா, அல்லது அந்தக் கட்டிகள் இயல்பிலேயே முரட்டுத்தனமானவையா, முதலிலேயே அறுத்திருந்தாலும் பரவித்தான் இருக்குமா? அந்த ஆய்வின் அமைப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். இருந்தாலும், கண்காணிப்பைத் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும்.

அண்ணனுக்கு

வெட்டாமல் கேன்சர் போகாது என்பது மருத்துவம் நெடுங்காலம் நம்பியதுதான், அண்ணனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நானும் அறுவை நிபுணன்தான். 1982-ல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையையும் கிழியாமல் முழுசாக எடுக்கும் முறையை எழுதியதிலிருந்து, அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இன்றும் பெரும்பாலான மலக்குடல் புற்றுநோயாளிகளைக் காப்பாற்றுவது அந்த அறுவைதான். கட்டி முழுவதும் மறையாதவருக்கு அதுவே வழி.

ஆனால் அதற்கும் விலை உண்டு. ஸ்டோமா பை ஒன்று. அதைக் கையாளப் பழகிக்கொண்டு நல்லபடியாக வாழ்பவர்கள் ஏராளம், அதை நரகம்போல அப்பா நினைத்திருந்தால் அந்தப் பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பேசப்படாத விலை, இடுப்புக்குள் ஓடும் நரம்புகள். அவற்றில் அடிபட்டால் சிறுநீர் போவதிலும் தாம்பத்தியத்திலும் சிக்கல் வரலாம். ரேடியேஷன் பட்ட இடத்தில் பின்புறத் தையல் ஆற நாளாகும். இத்தனையும் பட்ட பிறகு எடுத்த குடலில் நோயே இல்லை என்று அறிக்கை வந்தால் மனம் என்ன பாடுபடும்?

சோதனை எலி என்று அண்ணன் சொல்வது இன்று பொருந்தாது. அமெரிக்காவில் 324 பேரை வைத்து நடத்திய ஓப்ரா என்ற ஆய்வின் முடிவுகள் 2022-ல் வந்தன. ரேடியேஷனும் முழுக் கீமோவும் கொடுத்து, நன்றாகக் கரைந்தவர்களைக் கண்காணித்ததில், ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாண்டுக்குப் பிறகும் தங்கள் மலக்குடலோடு இருந்தார்கள். பழக்கமுள்ள மையங்களில் இது இப்போது முறையான ஒரு தேர்வு. பழக்கமுள்ள என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் மருத்துவமனையில் இப்படிக் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், எம்.ஆர்.ஐ.யைப் படிப்பவர் மலக்குடல் ஸ்கேன்களைத் தொடர்ந்து பார்ப்பவரா, அப்பாவின் விஷயத்தை அறுவை, ரேடியேஷன், கீமோ மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களா என்று அண்ணனையே கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேறொருவரிடம் போவதும் உங்கள் உரிமை. அதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அப்புறம், கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்று அப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். முறையாகச் செய்த அறுவையால் பரவுவதில்லை. ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருந்தது அறுவைக்குப் பிறகு தெரியவந்தால், பழி கத்தி மேல் விழுகிறது.

அத்தை விஷயம் சுருக்கமானது. அவருக்குக் கட்டி வலப்பக்கப் பெருங்குடலில். இந்தக் கண்காணிப்பு முறை மலக்குடலுக்கானது. பெருங்குடலின் அந்தப் பகுதிக்கு வழக்கமாக ரேடியேஷன் கொடுப்பதில்லை. அங்கே அறுவையில் நிரந்தரப் பை தேவைப்படுவதும் அரிது. அவர் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் அப்பா என் நோயாளியாக இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டால், நான் கண்காணிப்பையே சொல்வேன். அவரை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல.

அடுத்த முறை போகும்போது முதல் எம்.ஆர்.ஐ.யையும் கடைசி எம்.ஆர்.ஐ.யையும் அறிக்கையாக மட்டுமல்ல, படங்களாகவே சிடியில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பிப் படங்களையும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு இவைதான் ஆதாரம். முதல் பயாப்சியில் எம்.எம்.ஆர். பரிசோதனை (மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று பாருங்கள், நீங்கள் அனுப்பிய காகிதங்களில் அது இல்லை. மலக்குடல் புற்றுநோயாளிகளில் சிறு பங்கினருக்கு அந்தப் புரதங்களில் குறைபாடு இருக்கும். அப்படி இருந்தால் கட்டி திரும்பினாலும், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி என்ற வேறொரு கதவு திறக்கும். உங்களுக்கும் அண்ணனுக்கும் எந்த வயதிலிருந்து கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்பதும் அந்த முடிவைப் பொறுத்தது. குடும்பத்தில் அப்பா, அத்தை என்று இரண்டு பேருக்கு வந்திருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.